ரெஜினா அக்காவின் பாதிச் சிலுவை

ரெஜினா அக்கா இன்று காலை இறந்துவிட்டார். ஜோசப் அண்ணே போன் செய்து சொன்னார்.

நான் இங்கே எதுவும் எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதுவதற்கு லைக் போடுவதோடு சரி. இன்று எழுத வேண்டும் போல இருக்கிறது...

அக்கா பத்து காவான் தொழிற்பேட்டையில் ஃபேக்டரி வேலை பார்த்தவர். ஆனால் உங்களில் பலருக்கு அவரை எங்கள் படத்தின் விஞ்ஞானியாகத்தான் தெரியும். ஜெலுத்தோங்கில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜோசப் அண்ணே எடுத்த படம்.

கதை இதுதான். மருந்து கண்டுபிடிக்கும் ஒரு விஞ்ஞானி. சாகக் கிடந்த அவள் மகன் பிழைத்துக்கொள்கிறான். ஜெபத்தால் என்கிறது ஊர். மருந்தால் என்கிறாள் அவள். இனி ஜெபிப்பதில்லை என்று முடிவெடுத்து, கடைசிக் காட்சியில், நெற்றி, நெஞ்சு, தோள் என்று கை வைத்துச் சிலுவை போடாமல் சாப்பிட உட்கார வேண்டும்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். தட்டைப் பார்த்ததும் அக்காவின் கை நெற்றிக்குப் போய்விடும். ஒவ்வொரு டேக்கிலும்.

“அக்கா, நீங்க விஞ்ஞானி லா. ஜெபம் பண்ணாத ஆளு,” என்றார் ஜோசப் அண்ணே.

“நான் என்னடா பண்ண? சோத்தப் பாத்தா கை தானா போவுது.”

“கையக் கட்டிப் போட்டுறவா?”

“கட்டிட்டு நீயே ஊட்டி விடு.”

மீன் கறி ஆறிப்போனது. ஜன்னல் வெளிச்சமும் இறங்கிக்கொண்டிருந்தது.

நான் மாப் குச்சியில் கட்டிய மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவள். ஆள் முன்னால் பேச வராது. மைக் பிடித்தால் பேச வேண்டியதில்லை என்றுதான் அந்த வேலைக்கே ஒத்துக்கொண்டேன்.

எப்படி வாய் திறந்தேனோ தெரியவில்லை.

“கை போகட்டும்ணே... பாதியில அவங்களுக்கே தெரிஞ்சு நிறுத்திட்டா?”

அக்கா என்னையே பார்த்தார்.

“மெர்சியே பேசிருச்சு. கேமராவப் போடுடா.”

நெற்றி. நெஞ்சு. அங்கே கை நின்றது. வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல அக்கா அதைப் பார்த்தார். பிறகு மெல்ல இறக்கி, சோற்றைப் பிசைந்தார்.

ஜோசப் அண்ணே கட் சொல்ல மறந்துவிட்டார்.

சர்ச் ஹாலில், தெரிந்த முகங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு அது ஒன்றுதான் ஆசை. அப்போதே உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கிறது. எங்களிடம் சொல்லவில்லை.

சர்ச் கமிட்டி அங்கிள் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். “நல்லாத்தான் இருக்கு ரெஜினா. ஆனா சிலுவைய பாதியில விடுறது மரியாத இல்ல. ஒண்ணு முழுசா போடு, இல்ல வெட்டிடு. ஹால் தர்றேன்.”

“முழுசா போட்டா அவ விஞ்ஞானி இல்ல அங்கிள். வெட்டிட்டா அவ நம்ம ஆளு இல்ல. அது மெர்சியோட யோசனை, தொட மாட்டோம்.”

ஹால் கிடைக்கவில்லை.

எங்கள் பிளாட்டின் கீழ்த்தளத்தில் பெட்ஷீட் கட்டிப் படம் போட்டோம். கோயில்காரர்கள், சர்ச்காரர்கள் எல்லோரும் வந்தார்கள்; நாங்கள் மக்சிக் என்று கூப்பிடும் மேல்மாடி மலாய் அம்மாகூட நாற்காலி தூக்கிக்கொண்டு வந்தார். அந்தக் காட்சி வந்ததும் கச்சான் கடலை கொறிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது. பின்னால் தூணோரம் யார் என்று பார்த்தால்... கமிட்டி அங்கிள்.

கடைசியில் பெட்ஷீட்டில் என் பெயர் வந்தது. “கடைசிக் காட்சி யோசனை: மெர்சி.” அவ்வளவு பெரிய எழுத்தில் என் பெயரை நான் பார்த்ததே இல்லை. பக்கத்தில் இருந்த அக்கா என் முழங்கையைக் கிள்ளினார்.

போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கஞ்சி கொண்டு வந்து வைத்தார்கள். அக்காவின் கை எழுந்தது. நெற்றி. நெஞ்சு... அதற்கு மேல் தூக்க முடியவில்லை.

என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“டேக் ஓக்கேவா?”

தலையை மட்டும் ஆட்டினேன்.

ஓக்கே அக்கா. ரொம்ப நல்ல டேக்... போயிட்டு வாங்க.