செத்த மந்திரி நடந்து வந்த படம்

வேங்கிக்காலில், ஆபீஸுக்குப் போகும் வழியில் வண்டிக்குப் பெட்ரோல் போடும்போதெல்லாம் ஒரு மூச்சு கூடுதலாக இழுத்துக்கொள்வேன். உடம்புக்கு ஆகாதாம்; இருக்கட்டும். அது ஆட்டோ ஓட்டிய அப்பாவின் காக்கிச் சட்டை வாசனை.

அந்த வாசனைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் பார்த்த படம் ஒன்று உண்டு. அப்போது பத்தாவது முடித்திருந்தேன். எங்கள் வீட்டில் யாரும் அவ்வளவு தூரம் படித்ததில்லை. அதனாலேயே போதும் என்று அப்பா முடிவு செய்துவிட்டார். திங்கட்கிழமை முதல் ஜவுளிக்கடை வேலை. கடையில் சொல்லி வைத்தவர் அப்பாவின் ஸ்டாண்டுக் கூட்டாளி ரஹீம் மாமா. முந்தைய நாள், என் முகம் வாடியதைப் பார்த்தோ என்னவோ, இருவரும் என்னைச் சினிமாவுக்கு அழைத்துப் போனார்கள்.

தமிழில் பேசவைத்த வெளிநாட்டுப் படம். பாலைவனத்து எண்ணெய்க் கிணறுகளை நாட்டுக்கே சொந்தமாக்குவேன் என்கிறார் ஒரு மந்திரி. கம்பெனிக்காரர்கள் அவரைத் தீர்த்துக்கட்டுகிறார்கள். ஏசி அறையில் காபி குடித்தபடியே ஓர் ஆட்சியைக் கவிழ்ப்பார்கள்; ஒருவரும் குரலை உயர்த்த மாட்டார்கள். சண்டையே இல்லாமல் இப்படிப் பயமுறுத்த முடியுமா என்று வாய் பிளந்து உட்கார்ந்திருந்தேன்.

திடீரென்று, முதல் காட்சியிலேயே செத்துப்போன மந்திரி கோட்டு மாட்டிக்கொண்டு நடந்து வந்தார். தியேட்டர் கொந்தளித்தது.

"டேய் ஆபரேட்டரு, ரீலை மாத்திப் போட்டுட்டடா!"

"செத்தவனுக்கு கோட்டு ஒண்ணுதான் கொறச்சல்!"

இடைவேளையில் ரஹீம் மாமா முறுக்கைக் கடித்தபடி, "ஒண்ணுமே புரியலம்மா. படிச்ச பொண்ணு, நீ சொல்லு" என்றார். கேட்க வேண்டுமா! மந்திரியின் சாவைப் பின்னால் தள்ளி, கதையை நேராக்கிச் சொன்னேன். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. அங்கே கிணறு கைமாறினால் நம் ஊர் பங்க்கில் ஏன் விலை ஏறுகிறது என்றுகூட விளக்கினேன். பாதி என் சொந்தச் சரக்கு.

அப்பா கூட்டத்துக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். படம் விட்டு ஆட்டோவைக் கிளப்பும்போதுதான், "ரஹீமு, நாளைக்குப் பொண்ணு வராதுன்னு கடையில சொல்லிடு. இது மேல படிக்கட்டும்" என்றார்.

"அதானே! இது புடவை மடிச்சிக்கினு இருந்தா நமக்கு யாரு கதை சொல்றது?"

போன மாதம் அதே படத்தை லேப்டாப்பில் பார்த்தேன். அதிலும் மந்திரி முதலில் சாகிறார், பிறகுதான் நடந்து வருகிறார். அன்று ரீல் மாறவே இல்லை. டைரக்டர் எடுத்ததே அப்படி. என்ன துணிச்சல்! பாவம், அந்த ஆபரேட்டர்தான் வீணாகத் திட்டு வாங்கினார்.

அவரைத் தேடிப் போய்ச் சொல்லலாமென்றால், தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். புதுத் தியேட்டரில் எல்லோரும் சாய்ந்து உட்கார்ந்து அமைதியாகப் பார்க்கிறோம். புரியாதவர்கள் போனில் தேடிக்கொள்கிறார்கள். பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் யாரும் கதை கேட்பதில்லை.