தண்ணீரை இறக்க நேரமில்லாத மதியம்

கொலுபரா ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊர்க்காரர்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போவது புதிதல்ல. ஸ்டமெங்காவின் மாமியார் அதில்தான் போனார். வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஸ்டமெங்காவையும் அது விடவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் ரத்தம் சுத்திகரித்துக்கொள்ள அவளால் முடியாது. புருஷன் ரதோய்கோவுக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க உணர்ச்சியே இல்லை. சுரங்கத்தில் லாரி ஓட்டிய ஆள், மலைபோல உடம்பு. பிள்ளைகள் கிடையாது. அதனால் வயிற்றுக்குள் குழாய் வைத்து, மருந்துத் தண்ணீரை நிரப்பி, சில மணி நேரம் கழித்துக் கழிவோடு இறக்கிவிடும் வழியை அவள் வீட்டிலேயே செய்துகொண்டாள்.

"தண்ணி உள்ள இருக்கறப்ப எதையும் தூக்காதீங்க, முக்காதீங்க. இருமல் வந்தா ஒடனே வந்து காட்டுங்க. வயித்துல அழுத்தம் ஏறுச்சுன்னா எங்க பலவீனமோ அங்க பிதுங்கும்" என்று டாக்டர் ஸ்லவிட்சா தலைபாடாக அடித்துக்கொண்டார்.

ஸ்டமெங்காவும் அப்படியே நடந்தாள். காலையில் வயிற்றைக் காலி செய்த பிறகுதான், அதுவும் பக்கத்து வீட்டு மிலோயே வந்து ஒரு கை கொடுத்த பிறகுதான், புருஷனை நாற்காலிக்கு மாற்றுவாள்.

"தண்ணிய எறக்கியாச்சா, இல்ல ராசா இன்னும் படுத்தே கெடக்கணுமா?" என்பான் ரதோய்கோ.

"ராசா கழுத்துல துண்டு கட்டிக்கிட்டு பீன்ஸ் சூப் குடிக்கமாட்டாருய்யா. சும்மா கெட."

ஜனவரியில் ஒரு மதியம். மிலோயே சந்தைக்குப் போயிருந்தார். ஸ்டமெங்கா அப்போதுதான் முழுப் பையையும் வயிற்றில் நிரப்பி முடித்திருந்தாள். சமையலறையில் தடாலென்று சத்தம். அடுப்பில் விறகு தள்ளப் போன ரதோய்கோ, நாற்காலி சறுக்கி, இரும்பு அடுப்பின் ஓரமாகக் குப்புற விழுந்து கிடந்தான்.

"அடி பட்டுச்சா?"

"மூக்குல கொஞ்சம். நீ அவசரப்படாத. மொதல்ல தண்ணிய எறக்கு. நான் எங்க ஓடிடப்போறேன்?"

அவள் அறைக்குத் திரும்பி, கையைக் கழுவி, முகமூடி கட்டி, காலிப் பையை எடுத்தாள். அப்போதுதான் அந்த வாடை வந்தது. கம்பளி கருகும் வாடை. அதற்கு அடியில் வேறொன்றும். ஓடிப் போய்ப் பார்த்தாள். அவனுடைய செத்துப்போன வலது கை அடுப்புக் கதவுக்கும் அவன் உடம்புக்கும் நடுவே மாட்டி வெந்துகொண்டிருந்தது. அவனுக்குத் தெரியவில்லை. "என்னடி வாடை?" என்று கேட்டான்.

அக்குளில் கைகொடுத்து அவனைத் தூக்கி இழுத்தாள். தொப்புளுக்குக் கீழே ஏதோ கிழிந்தது.

சாயங்காலம் அங்கே முட்டை அளவுக்குப் புடைத்திருந்தது. தொடை இடுக்கெல்லாம் நீர் கோத்திருந்தது. மிலோயே இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

"ஏம்மா தூக்குனீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"அவரு கை வெந்துக்கிட்டிருந்துச்சு டாக்டர்."

 குடலிறக்கத்துக்கு வலை வைத்துத் தைத்தார்கள். புண் ஆறும்வரை அவளுக்கு இயந்திரம்தான். வயிறு காலியாக இருந்தாலும் இனி ஆளைத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ரதோய்கோவின் விரல்களை எடுத்துவிட்டு, நகரத்து முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள்.

இயந்திரத்திலிருந்து எழுந்ததும் ஸ்டமெங்கா தள்ளாடிக்கொண்டே அவனைப் பார்க்கப் போவாள். அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பான். ஒருநாள் பேசினான்.

"என்னை அங்கயே விட்டிருக்கணும் நீ."

"விட்டிருந்தா எரிஞ்சிருப்பய்யா."

"கைதானே? அது எப்பவோ செத்த கை. அதுக்குப் போயி நாம வீட்டுல ஒண்ணா இருந்ததக் குடுத்துட்டியே."

அவள் ஆரஞ்சை உரித்து, ஒவ்வொரு சுளையாக அவன் வாயில் வைத்தாள். தின்றான்.

ஈஸ்டர் நோன்பு முடியுமுன் நிமோனியா வந்து அவன் இறந்துபோனான். அப்போது அவள் மறுபடி வீட்டு முறைக்குத் திரும்பியிருந்தாள். பாதித் தண்ணீர், அதுவும் படுத்தபடி மட்டும். அன்று வயிற்றைக் காலி செய்துவிட்டுக் கல்லறைக்குப் போனாள். பெட்டியை இறக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தையல் போட்ட இடத்தை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இன்னிக்காவது வயித்த விடும்மா" என்றார் மிலோயே.

"விட முடியாதுண்ணே" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கையைக் கழுவி, பாதிப் பையைக் கொக்கியில் மாட்டிவிட்டு மல்லாந்து படுத்தாள்.