சேகண்டி அடித்த நாற்பத்தோராவது நிமிடம்

பாட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசை கட்டிப் போடுகிறவனை எங்கள் ஊரில் ரேடியோ செட்டுக்காரன் என்பார்கள். கல்யாணத்துக்கு ஒரு வரிசை, காதுகுத்துக்கு ஒரு வரிசை என்று போட்டுவிட்டு அவன்பாட்டுக்குப் பந்தியில் போய் உட்கார்ந்துவிடுவான். நான் செய்வதும் அதேதான். ஆனால் நான் என்னை க்யூரேட்டர் என்று சொல்லிக்கொள்வேன். எனக்குப் பந்தி கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

தொண்ணூறுகளின் எலக்ட்ரானிக் இசை, ஆம்பியண்ட், உலகத்து வாத்தியத்தையெல்லாம் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டிய ஃப்யூஷன், இவைதான் என் சரக்கு. ஒரு மணி நேரத் தொகுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கரு, ஒரு தலைப்பு. 'மழைக்கு முந்தைய விமான நிலையம்' என்று ஒன்று உண்டு. விமான நிலையத்துக்குள் நான் கால் வைத்ததில்லை. துபாய் போன மைத்துனனை வழியனுப்ப வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதோடு சரி. 'பனிப்பாலையில் ஒரு பகல்' என்று இன்னொன்று. அதைக் கோத்தது ஸ்ரீபெரும்புதூர் போகும் கம்பெனி பஸ்ஸில், சித்திரை வெயிலில், ஏ.சி. படுத்துவிட்ட ஒரு நாளில். இணையத்தில் ஏற்றுவேன். பதினேழு பேர் கேட்பார்கள். அதில் நாலு பேர் நானே.

இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று யாராவது கேட்டால் தேடல், பயணம் என்று ஏதாவது அளப்பேன். உண்மை வேறு. என் அப்பா முசரவாக்கத்தில் சாவுக்குச் சங்கு ஊதியவர். சுற்றுவட்டாரத்தில் எங்கே உயிர் போனாலும் எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். சேகண்டி என்கிற வெண்கலத் தட்டை இடது கையில் தொங்கவிட்டு, அதே கையால் சங்கைப் பிடித்து ஊதுவார். வலது கையிலிருக்கும் குச்சி தட்டில் விழும். பள்ளிக்கூடத்தில் நான் வகுப்புக்குள் நுழைந்தால் கடைசி பெஞ்சில் எவனாவது வாயைக் குவித்து ஊதுவான். எரிச்சல் தாங்காமல் ஒரு வாக்மேன் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய கேசட் விற்றவனிடம் உறை கிழிந்த வெளிநாட்டுக் கேசட் ஒன்று கிடைத்தது. அதில் வார்த்தை இல்லை, ஆள் இல்லை, ஊர் இல்லை. ஆகா, இதுதான் நமக்கு என்று காதை மூடிக்கொண்டேன். இன்றுவரை திறக்கவில்லை.

என் மனைவி காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு மாளிகையில் விற்பனைப் பெண். பதினொரு வருடம் காட்டன் செக்‌ஷனில் நின்றே கால் நரம்பு சுருண்டவள். போன தை மாதம்தான் முகூர்த்தப்பட்டு செக்‌ஷனுக்குப் பொறுப்பாளராகப் போட்டார்கள். அந்தப் பொறுப்புக்கு ஒரு நாற்காலி உண்டு. முதல் நாள் வீட்டுக்கு வந்தவள் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை, நாற்காலியைப் பற்றித்தான் பேசினாள். இந்த சீசன் நன்றாகப் போனால் நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அந்த முதலாளிக்குத் திடீரென்று ஞானம் வந்தது. சென்னையிலிருந்து காரில் வருகிறவர்களுக்குப் பக்திப் பாட்டு பழசாக இருக்கிறதாம். புதுசாக, வாயைத் திறக்காத இசையாக வேண்டுமாம். என் மனைவி சும்மா இருந்திருக்கலாம். "எங்க வீட்டுக்காரர் போட்டுத் தருவார் சார். அவருக்கு அது ஒண்ணுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் தொகுப்பு பிறந்தது. தலைப்பு, 'பட்டின் மௌனம்'.

"பட்டு கட்டினா சரசரன்னு இல்ல கேக்கும்? மௌனம் எங்க இருக்குது அதுல?" என்றாள்.

"உனக்குப் புரியாது" என்றேன். இந்தப் பதிலை எந்தக் க்யூரேட்டரும் கைவசம் வைத்திருப்பான்.

அதில் நாற்பத்தோராவது நிமிடத்தில் என் உயிரான ஒரு பாட்டு வரும். ஏதோ ஐரோப்பியர்கள் போட்டது. கீழே கடல்மாதிரி ஒரு கனத்த சத்தம் உருண்டுகொண்டிருக்க, மேலே எதுவோ நீளமாக மூச்சு விடும். நடுநடுவே ஒரு மணி. ஆல்பத்தின் உறையில் 'தென்னிந்தியக் கோயில் ஒலி' என்று அச்சடித்திருந்தது. அச்சடித்தால் நான் நம்பிவிடுவேன். 'ஆதி மூச்சு' என்று இணையத்தில் குறிப்பு வேறு எழுதியிருந்தேன். இருபது வருடம் அதைக் கேட்டுத்தான் பஸ்ஸில் தூங்கினேன்.

என் வார விடுமுறையன்று, என் வெற்றியைக் கண்ணால் பார்க்கக் கடைக்குப் போய் லிஃப்ட் பக்கத்தில் நின்றேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய கல்யாண வீட்டார் வந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் புரட்டிப் போட்டு, அரக்கில் பச்சைக் கரை வைத்த ஒரு சேலையை முடிவு செய்திருந்தார்கள். நல்ல நேரம் பார்த்து, தட்டில் மஞ்சள் குங்குமம் வைத்து, என் மனைவி அந்தச் சேலையை எடுத்துப் பெண்ணின் தோளில் போட்டாள். நாற்பத்தோராவது நிமிடம் வந்தது.

கடைக் கூரையில் இருந்தவை மலிவு ஸ்பீக்கர்கள். கனத்த சத்தம் அவற்றில் எழும்பவே எழும்பாது. கடல் போய்விட்டது. மிச்சம் இருந்தது சங்கும் சேகண்டியும் மட்டும். சுத்தமான, பச்சையான, சாவு வீட்டுச் சங்கு.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் யோசிக்கக்கூட இல்லை. எழுந்து நின்று தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சவம் போகிறபோது செய்கிற மரியாதை. "யாரு வீட்லபா?" என்று பக்கத்தில் கேட்டார். அடுத்த நொடி பெண்ணின் அம்மா சேலையைப் பாம்பை உதறுவதுபோல மகள் தோளிலிருந்து இழுத்துப் போட்டாள். "ஐயையோ, எங்கொழந்தை மேல போட்ட நேரம் பாரு!" என்று அழுதாள். வேன் வந்த வழியே போய்விட்டது. வரவழைத்த காபியில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

முதலாளி என்னைப் பிடித்தார். "என்னய்யா இது, கடைக்குள்ள பொணத்தையே கொண்டாந்துட்டியே! இது சாவுச் சங்குன்னு உனக்குத் தெரியாது?"

தெரியாதா? சின்ன வயதில் அப்பாவின் சங்கை நான்தான் பாலாற்று மணலில் வைத்துத் தேய்த்துக் கழுவிக் கொடுப்பேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் இப்படிச் சொன்னது:

"அந்தச் சத்தமெல்லாம் எனக்குப் பழக்கமில்ல சார். எங்க பக்கம் அதெல்லாம் கெடையாது."

என் மனைவி சேலையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்த்தாள். அவளை அப்போதே காட்டனுக்குத் திரும்பப் போகச் சொன்னார் முதலாளி. நாற்காலிமேல் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

சாயங்காலம் வீட்டில், எங்களோடு இருக்கும் அப்பா டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்தாள். "நாற்காலி போனா போவட்டும். மாமா ஊதினப்போ காதைப் பொத்திக்கினு ஓடினீங்க. வெள்ளக்காரன் போட்டா இருபது வருசம் கேட்டுக்கினு கண்ணை மூடுறீங்க. அதுவும் போவட்டும். எங்க பக்கம் கெடையாதுன்னு சொன்னீங்க பாரு, அதுதான் எனக்கு ஆறல."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "என்னாது அது, போடு கேப்போம்."

ஹெட்ஃபோனை நீட்டினேன். "அந்தக் கருமம் வாணாம், போன்லயே போடு" என்றார். போட்டேன். மூச்சைக் கவனித்தார், விரலால் தொடையில் தட்டினார்.

"நல்லா ஊதுறான்பா. வாசல்ல நின்னு ஊதுறான், பாடையைத் தூக்கற நேரம். யாரு செத்தது?"

ஆல்பத்தின் குறிப்பைத் திறந்து தேடினேன். சிந்தசைசர் வாசித்தவன் பெயர் இருந்தது. ஒலிப்பதிவு செய்தவன் பெயர், அவன் தங்கிய ஹோட்டலுக்கு நன்றி, எல்லாம் இருந்தன.

"அது போடலப்பா."

"ஊதினவன் பேரு?"

"அதுவும் போடல."

"போடமாட்டான். எந்த ஊர்க்காரனோ, அவனுக்கு என்னா தெரியும்?" என்றார் அப்பா. டம்ளரை எடுத்தார். "உனக்கு என்னடா கேடு?"

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கடைக்குப் போனேன். பழைய பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் காட்டன் செக்‌ஷன் பக்கத்தில்தான் முதலாளி நின்றிருந்தார். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: "சார், நேத்து நான் சொன்னது பொய். எங்க அப்பாதான் முசரவாக்கத்துல சாவுக்குச் சங்கு ஊதினவர். அதைக் கேட்டே வளந்தவன் நான்."

முதலாளி முகம் சிவந்துவிட்டது. "அப்ப தெரிஞ்சேதான் போட்டியாய்யா?"

காட்டன் அடுக்குப் பக்கம் திரும்பி நின்றேன். காட்டன் சேலையை விரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிராமலே சொன்னாள்:

"தெரியாமத்தான் போட்டார் சார். நேத்துதான் தெரிஞ்சிக்கினார்."