ராஜாத்தி, மேரி புஷ்பம், இந்திரா... எல்லோரும் என் கிச்சன் ஷெல்ஃபில்!

இன்று காலை கரையான்சாவடி பாத்திரக் கடையில், கடைக்கார அண்ணன் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

அவர் மேல் தப்பே இல்லை. முதலில் என் கிச்சனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

பருத்திப்பட்டில் எங்கள் ஃபிளாட்டின் கிச்சன் ரொம்பச் சின்னது. ஆனால் சிங்க்குக்கு மேலே நீளமாக ஒரு ஷெல்ஃப் உண்டு. யாரோ இடித்த வீட்டின் கதவுப் பலகையை இழைத்து, நானே ஆணி அடித்து மாட்டியது. (சரி, ஆணி அடித்தது என் கணவர் ஸ்டீபன். நான் "கொஞ்சம் லெஃப்ட்ல" என்று சொன்னேன்.)

அதில்தான் என் மொத்தச் சொத்தும் இருக்கிறது. பித்தளைச் சொம்பு, நாலடுக்கு டிபன் கேரியர், காபி டபரா, மூடி தொலைந்த எவர்சில்வர் சம்படம். எல்லாமே பழசு. யார் யாரோ அந்தப் பாத்திரக் கடையில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கிப் போக, நான் வாங்கி வந்தவை.

"இது கிச்சனா, காயலான் கடையா?" என்பார் ஸ்டீபன்.

அவருக்கு ரசனை போதாது!

ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் வெட்டியிருக்கும். க. ராஜாத்தி. மேரி புஷ்பம். இந்திரா - மணி. காலையில் காபி போடும்போது "குட்மார்னிங் ராஜாத்தி" சொல்வது என் வழக்கம். (சிரிக்காதீர்கள். தினமும் தனியாக நின்று சமைத்துப் பாருங்கள், தெரியும்.)

என் பெயர் வெட்டிய பாத்திரம் மட்டும் ஒன்றுகூட இல்லை.

எங்களுடையது ரிஜிஸ்டர் ஆபீஸ் கல்யாணம். நான் கோயில், ஸ்டீபன் சர்ச். சீர் கொண்டுவர யாரும் வரவில்லை. அம்பத்தூரில் இருக்கும் என் அம்மா, மூன்று வருஷமாக எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன் மட்டும் செய்வார். "சாப்ட்டியா?" அவ்வளவுதான். ஸ்டீபன் பெயர் அவர் வாயில் வந்ததே இல்லை.

போன வாரம் திடீரென்று, "ஞாயித்துக்கெழம வரேன்" என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை!

முதல் பயமே அந்த ஷெல்ஃப்தான். அத்தனையும் வேறு யாருக்கோ அவர்கள் அம்மா கொடுத்த சீர். தான் எதுவும் செய்யாததைக் குத்திக் காட்டத்தான் மகள் அடுக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்து, அம்மா வந்த வழியே திரும்பிவிட்டால்?

சனிக்கிழமை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

"அண்ணா, இதுல இருக்கிற பேரெல்லாம் அழிச்சுக் குடுங்க."

"இன்னாமா நீ! பேர தேச்சா தகடு மெலிஞ்சு ஓட்ட வுயும். ஆசையா வெட்டிக்கினு போன பேரு. அப்டியே வுட்ருமா."

வேறு வழி தெரியவில்லை. ஞாயிறு காலை, பெயர்கள் எல்லாம் சுவர்ப் பக்கம் போகும்படி பாத்திரங்களைத் திருப்பி வைத்தேன். (என்னவொரு மூளை!)

அம்மா வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு, அது நிறைய முறுக்கு.

"வாங்க அத்தை" என்றார் ஸ்டீபன்.

அம்மா தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேராகக் கிச்சனுக்குள் போனார். சொம்பை எடுத்துத் திருப்பினார், படித்தார். கேரியரைத் திருப்பினார், படித்தார். முகம் சுருங்கிக்கொண்டே போனது.

போச்சு, கிளம்பப் போகிறார் என்று நினைத்தேன்.

"ராஜாத்தி யாரு? எதுத்த ஊடா?"

"தெரியாதும்மா."

"மேரி புஷ்பம்? மேல் ஊடா?" அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. "இத்தினி பேராண்ட எரவல் வாங்கியாடி ஆக்கித் துன்னுகினு கீற? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே புரியவில்லை.

பிறகு உறைத்தது. அம்பத்தூரில் எங்கள் தெருவில் இரவல் போன பாத்திரம் பெயரைப் பார்த்துத்தான் வீடு திரும்பும். வேறு ஒருத்தி பெயர் இருந்தால் அது இரவல்தான்! போதாததற்கு நான் வேறு வெட்கப்பட்டு மறைத்தவள் மாதிரி திருப்பி வைத்திருக்கிறேன்!

"ஐயோ அம்மா, இது டெக்கரேஷன்!"

"இன்னாது?"

"அழகுக்கும்மா! நானே காசு குடுத்து வாங்கி வச்சிருக்கேன்!"

அம்மா என்னைப் பார்த்தார். ஷெல்ஃபைப் பார்த்தார். கடைசியாக ஸ்டீபனைப் பார்த்தார்.

"நானும் எவ்ளோ சொல்லிப் பாத்துட்டேன் அத்தை" என்றார் அவர் பாவமாக.

அம்மா சிரித்துவிட்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக, அவரைப் பார்த்து!

முறுக்கை டப்பாவில் கொட்டிவிட்டுத் தூக்கைக் கழுவினேன். விரலில் ஏதோ நெருடியது. திருப்பிப் பார்த்தால், என் பெயர். சு. கலைவாணி. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அதற்கப்புறம் வெறும் இடம்.

"வேற டப்பா கெடைக்கல. அதான் இத்த எடுத்தாந்தேன்" என்றார் அம்மா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

நான் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தேன்.

"நீ காலேஜ் போவசொல்லவே வாங்கி வெட்னது. மாப்ள பேருக்கு எடம் வுடச் சொன்னேன்." தூக்கை என் கையிலிருந்து வாங்கி முந்தானையால் துடைத்தார். "இத்தினி வருசமா எடம் காலியா கெடக்குது. பாக்க நல்லாவா கீது?"

நான் அழுத அழுகையில் ஸ்டீபன் பதறிப்போய் கேஸை ஆஃப் செய்தார். (எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.)

அம்மா நேற்று இங்கேயே தங்கிவிட்டார். காலையில் மூன்று பேரும் தூக்கோடு கடைக்குப் போனோம்.

"அண்ணா, இதுல ஒரு பேர் வெட்டணும்."

அப்போதுதான் அந்த முறைப்பு!

"முந்தாநேத்து பேர அழின்னே, இன்னிக்கி பேர வெட்டுன்ற! ஏதாச்சும் ஒரு முடிவுக்கு வாம்மா. செரி, இன்னா பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார்.

"ஸ்டீபன். நல்லா ஆழமா வெட்டு நைனா. எவ்ளோ தேச்சாலும் போவக் கூடாது."

ராஜாத்தி, மேரி புஷ்பம், இந்திரா... எல்லோரும் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். வீட்டுக்காரி வருகிறாள்!