அறுபது டிகிரியில் ஆறரை

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெளுக்கும் ஆலை ஒன்றில் லேப் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். அங்கே நான் தவறாக எழுதிய ஒரு ரிப்போர்ட்டைப் பற்றியது இது.

நாங்கள் அனுப்பிய லாட் ஒன்று திரும்பி வந்தது. இழுத்தாலே துணி கிழிந்தது. அதில் ஆசிட் தங்கியிருந்தது. கடைசி அலசலுக்கு உப்பு நீக்கிய சுடுதண்ணீர் விடுவோம். அந்தத் தண்ணீரைத் தயாரிக்கும் டி.எம். பிளான்ட்டின் ஆபரேட்டர் முத்தையா, வன்னியம்பட்டிக்காரர், பட்டாளத்திலிருந்து வந்தவர். பிளான்ட்டை ஆசிட் விட்டுக் கழுவிய பின் சரியாக அலசாவிட்டால் தண்ணீரிலும் ஆசிட் வரும். எனக்குச் சந்தேகம் அங்கேதான். அறுபது டிகிரி தண்ணீரில் மீட்டரை வைத்தேன். பி.எச். 6.5. ஏழுக்குக் கீழே போனால் அமிலம் என்றுதான் படித்திருந்தேன்.

"நல்லாத்தான் அலசுனேன் மேடம். தண்ணி கொதியா இருக்கு. செத்த நேரம் ஆறவச்சுப் பாருங்க, ஏழு காட்டும்" என்றார் முத்தையா.

"மீட்டரே சூட்டுக்குத் தக்கபடி திருத்திக்கிடும். எனக்குச் சொல்லித் தராதீங்க" என்றேன்.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அவரைத் துணிப் பேல் தூக்கும் வேலைக்கு மாற்றினார். இரண்டு நாள் தூக்கினார். பிறகு வரவில்லை.

மூன்று மாதத்தில் இன்னொரு லாட் திரும்பியது. புது ஆபரேட்டர், தண்ணீரில் அதே 6.5. இந்த முறை பாட்டில் நிறையப் பிடித்து, இறுக மூடி வைத்தேன். ஆறியதும் ஏழை ஒட்டிக் காட்டியது. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சூடு ஏற ஏறத் தண்ணீர் மூலக்கூறுகள் அதிகமாகப் பிரிகின்றன. அமில அயனியும் கார அயனியும் சரிசமமாகக் கூடுகின்றன. எண் இறங்கும், தண்ணீர் அமிலமாகாது. அறுபது டிகிரியில் நடுநிலையே ஏறத்தாழ ஆறரைதான். மீட்டர் திருத்துவது எலக்ட்ரோடின் பிழையை மட்டும். தண்ணீரின் இந்த மாற்றத்தை அல்ல. துணிக்கு ஆசிட் எங்கிருந்து வந்தது என்று தேடியதில், ப்ளீச்சிங் பக்கம் ஆசிட் தொட்டியின் வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது.

மேனேஜரிடம் சொன்னேன். "முடிஞ்சதக் கிளறாதீங்கம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி வன்னியம்பட்டி போனேன். முத்தையாவின் மனைவி கதவைத் திறந்தார்.

"அவிய போயி நாப்பது நாளாச்சும்மா. நெஞ்சு வலி."

வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பு என்றும் சொன்னேன். அவர் அழவில்லை.

"ஆசிட்டக் கலந்து துணியக் கெடுத்துட்டாருன்னு ஊர்ல பேசுனாவ. அதுக்குப் பொறவு அவிய கடைத்தெருப் பக்கமே போகல. இப்பச் சொன்னத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. சொந்தக்காரவுக படிக்கட்டும்."

எழுதிக் கொடுத்தேன். ஆலை முத்திரை இல்லை. என் பெயரும் கையெழுத்தும் மட்டும். வாங்கி மடித்துக்கொண்டவர், "அவிய இருக்கும்போது வந்திருக்கலாம்" என்றார்.

அதன்பின் வெப்பநிலையைச் சேர்த்து எழுதாமல் எந்தப் பி.எச். அளவையும் நான் பதிந்ததில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கும் சோதனையைச் செய்யாமல் கையெழுத்தும் போட்டதில்லை. முத்தையா கேட்ட சோதனைக்கு அரை மணி நேரம் போதுமானதாக இருந்தது.