காலி ஜீப்பின் பின்பக்கம்

ஞாயிறுதோறும் பெங்களூரிலிருந்து குப்பம் வந்து, செகண்ட் ஹேண்டில் வாங்கிய மொட்டை ஜீப்பை வீட்டு வாசலிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிவருகிறேன். கேழ்வரகு மூட்டை ஏற்றினால் பின்பக்கம் தாழாமலிருக்க, போன மாதம் பின்னால் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாகப் போட்டேன்.

அங்கேதான் வினை.

இன்று மகளுக்கு மொட்டை போடத் திருமலைக்குக் கிளம்பினோம். மலையடிவாரத்து அலிபிரி செக்போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். தமிழ்நாட்டு எல்லையிலுள்ள நகரிப் பக்கத்து ஆள் போல, தமிழிலேயே கேட்டார்.

“காலி வண்டி பின்னாடி மட்டும் ஏன் தூக்கிக்கினு கீது?”

“கேவுரு மூட்டை ஏத்த எக்ஸ்ட்ரா பட்டை போட்டுக்கிறேன் சார்.”

“கேவுரா, செம்மரமா?”

சீட்டுக்கடியில் நான் செய்த டூல்ஸ் பெட்டியைப் பார்த்ததும் சந்தேகம் முற்றியது. தட்டினார். அளந்தார். வண்டிக்கடியில் குனிந்து டார்ச் அடித்தார். என் மகளின் தலைமுடியை மட்டும்தான் கலைத்துப் பார்க்கவில்லை.

திடீரென்று குரலைத் தணித்தார்.

“வெல்டிங் யாரு?”

“நான்தான் சார்.”

“நம்பர் குடு. என்கிட்டயும் ஒரு ஜீப்பு கீது.”

கொடுத்துத் தொலைத்தேன்.

மலையிலிருந்து இறங்குவதற்குள் தெரியாத நம்பரிலிருந்து மூன்று அழைப்புகள். எடுக்கலாமா என்று மனைவியைக் கேட்டேன்.

“மொதல்ல பட்டைய கழட்டு. அப்புறம் போன எடு.”

அந்தப் போலீஸ்காரரிடம் நிஜமாகவே ஜீப் இருக்கும் என்று நம்புகிறவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.