பூட்டிய வீட்டில் விசில்

குக்கர் விசிலடித்ததும், மறதி கூடிவிட்ட அம்மா ஓடிவந்து என் மகளின் வாயைப் பொத்தினாள்.

என் சின்ன வயதில், ஒரத்தநாட்டில் மகளிர் குழுக்கடன் தவணை நாளென்றால் அப்பா வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டுக் கொல்லைப்பக்கமாக உள்ளே வருவார். மூச்சுக் காட்டாமல் இருப்போம். ஒருநாள் அடுப்பை அணைக்க மறந்துவிட்டோம். பூட்டிய வீட்டுக்குள் குக்கர் விசிலடித்தது.

"சாப்பிட்டுட்டே வாங்கக்கா, இருக்கோம்" என்றார் வெளியே நின்ற வசூல்காரர்.

அம்மா கொல்லைப்பக்கமாகச் சுற்றி வாசலுக்குப் போனாள். "பாதிதாங்க இருக்கு. மீதிய அறுப்பு முடிஞ்சு கட்டிடுறேன்."

"முழுசா வாங்காம போக முடியாதுக்கா."

ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. தெருப்பெண்கள் அத்தனை பேரும் இருட்டும்வரை எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சோற்றை யாரும் தொடவில்லை.

கடன் அடைந்து எவ்வளவோ காலமாயிற்று. இப்போது, மகளின் வாயிலிருந்து கையை எடுக்காமலே அம்மா என் காதோரம் கேட்டாள், "போயிட்டாங்களா?"

என்னையறியாமல் நானும் குரலைத் தாழ்த்தினேன். "இன்னும் இல்லம்மா."